மாடிக்குப் பதில் சொல்லாத ஸ்விட்ச்

பினாங்கு ஜார்ஜ்டவுனில் நான் வேலை பார்க்கும் துணிக்கடைக்கு, கணினிகளைக் கேபிளால் ஒன்றோடொன்று இணைக்கும் பழைய சிஸ்கோ கேட்டலிஸ்ட் 2960 ஸ்விட்ச் ஒன்று வந்தது. பழைய அமைப்பை அழித்துவிட்டு, கன்சோல் கேபிளைச் செருகி, புட்டி என்ற மென்பொருளில் 9600 வேகம் வைத்துத் திறந்தேன். விலான் 1-க்கு (ஸ்விட்ச்சுக்குள் இருக்கும் ஒரு நெட்வொர்க் பிரிவு) 192.168.10.2 என்ற ஐபி முகவரியைக் கொடுத்து, அதை இயக்க 'நோ ஷட்டவுன்' அடித்தேன். ஸ்விட்ச்சிலிருந்து கல்லாவில் இருக்கும் கணினி பதில் தருகிறதா என்று பிங் அடித்ததும் ஒரு புள்ளி (பதில் இல்லை), அடுத்து நான்கு ஆச்சரியக்குறிகள் (பதில் வந்தது). அந்தப் புள்ளி கோளாறு இல்லை. ஏஆர்பி என்ற நெறிமுறை எதிராளியின் மேக் முகவரியை (கருவியின் வன்பொருள் எண்) விசாரித்து முடிப்பதற்குள் முதல் பாக்கெட் வீணாகிவிடும், அவ்வளவுதான். சரி, வேலை முடிந்தது என்று நினைத்தேன்.

மாடியில் கணக்குப் பிரிவு 192.168.20 வரிசையில் இருக்கிறது. அங்கிருந்து ஸ்விட்ச்சைத் தொடவே முடியவில்லை. அதே ஸ்விட்ச் வழியாக அவர்களுக்கு இணையம் மட்டும் நன்றாக ஓடியது. இரண்டு மணி நேரம் கேபிளையும் போர்ட்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தேன். கடைசியில் பட்டர்வொர்த்தில் இருக்கும் அண்ணனுக்குப் போன் அடித்தேன்.

"தம்பி, அதுக்கு கேட்வே கொடுத்தியா?"

கொடுக்கவில்லை. அடுத்தவர் டேட்டாவைக் கடத்த இந்த ஸ்விட்ச்சுக்கு ஐபியே வேண்டாம், மேக் முகவரியைப் பார்த்து அனுப்பிவிடும். நாம் வைக்கும் ஐபி, நாம் அதனோடு பேசுவதற்கு. வேறு நெட்வொர்க்கிலிருந்து கூப்பிடுபவருக்குப் பதில் அனுப்ப அதற்கு ரவுட்டரை, அதாவது கேட்வேயை, தெரிந்திருக்க வேண்டும். 'ஐபி டீஃபால்ட்-கேட்வே 192.168.10.1' என்று ஒரே வரி அடித்தேன், மாடியிலிருந்து திறந்தது.

அப்புறம் 'ஷோ கிளாக்' அடித்தால் 1993 மார்ச் 1! பேட்டரி இல்லாததால் ஒவ்வொரு முறை எழும்போதும் அந்தத் தேதியில்தான் தொடங்குகிறது. நேரம் தவறினால் லாக்கை (நிகழ்வுப் பதிவை) நம்பவே முடியாது. நேரத்தைத் தரும் என்டிபி சர்வரின் பெயரைக் கொடுத்தேன். பெயருக்கு ஐபி சொல்லும் டிஎன்எஸ் எது என்று நான் சொல்லாததால் 255.255.255.255-க்கு, அதாவது நெட்வொர்க்கில் உள்ள எல்லோருக்கும், கூவிக்கொண்டு அப்படியே நின்றது. கட்டளையில் எழுத்துப் பிழை வந்தாலும் இதே கதைதான்: அதையும் ஒரு கணினியின் பெயர் என்று நினைத்துத் தேடப் போய்விடும். கன்ட்ரோல், ஷிஃப்ட், 6 மூன்றையும் சேர்த்து அழுத்தினால்தான் விடும்.

பலர் 'நோ ஐபி டொமைன்-லுக்கப்' போட்டுப் பெயர் தேடுவதையே மொத்தமாக அணைத்துவிடுகிறார்கள். எனக்கு அது சரியாகப் படவில்லை, பெயர் வேண்டிய வேலையும் நின்றுபோகும். 'ஐபி நேம்-சர்வர்' கட்டளையில் டிஎன்எஸ் முகவரியைக் கொடுத்துவிட்டு, கன்சோல் லைனில் 'டிரான்ஸ்போர்ட் பிரிஃபர்ட் நன்' போட்டேன். பெயரும் கிடைத்தது, பிழைக்குத் தேடுவதும் நின்றது.

ஸ்விட்ச் உலகப் பொது நேரத்தைக் காட்டியதால் நேரம் மட்டும் எட்டு மணி பின்னால் இருந்தது. டைம்ஸோனில் 8 சேர்த்ததும் கல்லாவுக்கு மேலே மாட்டியிருக்கும் கடிகாரத்தோடு ஒத்துப்போனது. எல்லாவற்றையும் சேமிக்க 'ரைட் மெமரி' அடித்துவிட்டுக் கேபிளைக் கழற்றினேன்.