வாத்துக்காரரிடம் காசு கேட்கலாமா?

சம்பா அறுவடை முடிந்ததும் எங்கள் மன்னார்குடிப் பக்கத்து வயல்களில் வாத்துகள் இறங்கிவிடும். உளுந்து தெளித்த வயலில் விடமுடியாது, முளை எல்லாம் போய்விடும். சும்மா கிடக்கிற ஈர வயல்தான் வேண்டும். அறுவடை மிஷின் உதிர்த்த நெல், நத்தை, புழு, பூச்சி எல்லாமே தீனி.

மேயும்போது பக்கத்தில் குந்திப் பார்க்க வேண்டும். அலகின் ஓரம் முழுக்கச் சீப்புப் பல் மாதிரி வரிசை. சேற்றுத் தண்ணீரை உள்ளே இழுத்து, அந்த ஓரத்தால் பிதுக்கித் தள்ளிவிட்டு நெல்லை மட்டும் நிறுத்திக்கொள்ளும். ஊரைக் கூட்டிக் கத்துவது பெண் வாத்து. ஆணுக்குத் தொண்டை கட்டின குரல், வால் இறகும் சுருண்டிருக்கும்.

எங்கள் ஊருக்கு வருகிற வாத்துக்காரர் வந்தவாசிப் பக்கம். சாயங்காலம் வலையை வட்டமாகக் கட்டி அடைத்துவிட்டு, அங்கேயே கட்டில் போட்டுக்கொள்வார். முட்டை பெரும்பாலும் விடியற்காலையில்தான் இடும். அதனால் நன்றாக வெளுக்கும்வரை வலையைத் திறக்கமாட்டார். "சீக்கிரம் விட்டா வாய்க்கால்ல இட்டுட்டுப் போயிடும் தம்பி." குஞ்சு பொரிக்க ஊரில் கோழிகளை வைத்திருக்கிறாராம், இந்த வாத்துகள் அடையில் உட்காராது. கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28. பாவம், கோழிக்கு ஒரு வாரம் ஓவர்டைம்.

முட்டை பெரும்பகுதி கேரளாவுக்குத்தான் போகிறது. 2014 கடைசியில் ஆலப்புழைப் பக்கம் பறவைக் காய்ச்சல் வந்து வாத்துகளைக் கொன்று எரித்தபோது, நோயே வராத இவருடைய முட்டையையும் வாங்க ஆளில்லை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். ராத்திரி ஆடுகளை வயலில் அடைத்து ஆட்டுக்கிடை போட்டால் நாம்தான் கிடைக்காரருக்குப் பணம் கொடுக்கிறோம், எருவுக்காக. வாத்து எச்சமும் எருதான். போதாததற்கு நத்தையையும் தின்று தீர்க்கிறது. உதிர்ந்த நெல்லை விட்டுவைத்தால் அடுத்த போகத்தில் கலப்பாக முளைத்து நம் உயிரைத்தான் எடுக்கும். ஆனால் வாத்துக்காரர் என்றால் மட்டும் நாம் கை நீட்டுகிறோம்.

இந்த வருடம் சித்தப்பா, வயலுக்கு இவ்வளவு என்று பேரம் பேசினார். "உதிர்ந்த நெல்லு யாரோடதுய்யா?" என்று கேள்வி வேறு. வாத்துக்காரர் பதில் பேசவில்லை. கம்பை ஒரு வீசு வீசினார், மொத்தக் கூட்டமும் வாய்க்கால் தாண்டி அடுத்த ஊர் எல்லைக்குப் போய்விட்டது. அங்கே ராத்தங்கலுக்கு ஒரு தட்டு முட்டை என்று பேசிக்கொண்டார்களாம். சித்தி, மூல நோய்க்கு நல்லதென்று வருடா வருடம் வாத்து முட்டை கேட்பார். சித்தப்பா வண்டியை எடுத்துக்கொண்டு போய்க் காசு கொடுத்து வாங்கி வந்தார்.