பண்டாரவன்னியனிடம் எதைக் கொண்டுபோவது?

காலப்பயணம் கைகூடி 1803இன் வன்னியில் இறங்கினால், பலரும் முதலில் கேட்பது ஏகே 47. வன்னியை ஆண்ட பண்டாரவன்னியன் அந்த ஆண்டு முல்லைத்தீவுக் கோட்டையைப் பிடித்தவன் என்பதால் அந்த ஆசை இயல்பு. ஆனால் ஒரு கூட்டில் 30 ரவைகள். விசையை அழுத்திப் பிடித்தால் மூன்று விநாடியில் முடிந்துவிடும். வெற்றுக் கோதை மீள நிரப்ப, தட்டினால் பற்றும் மருந்தும் புகையற்ற வெடிமருந்தும் வேண்டும். ஊர்க் கொல்லன் எவ்வளவு கெட்டிக்காரனானாலும் இரண்டையும் உலையில் செய்ய முடியாது. அக்காலத் துவக்குக் குண்டும் இதற்குள் நுழையாது. பிறகு அது வெறும் இரும்புத்தடி.

நான் கொண்டுபோவது நுளம்பு வலையும் ஒரு செய்தியும். மலேரியாவை நுளம்பு பரப்புவதை ரொனால்ட் ரொஸ் 1897இல்தான் கண்டறிந்தார். பருத்தி நூலில் வலையை அங்கேயே நெய்யலாம், கண் 1.5 மில்லிமீற்றரைத் தாண்டக்கூடாது. விளிம்பைப் பாயின் கீழ் செருகவேண்டும். உடல் வலையில் முட்டினால் வெளியிலிருந்தே குத்தும், ஆகவே அகலமாகத் தைக்கவேண்டும்.

கோடையில் வன்னியின் கனகராயன் ஆறு வற்றும்போது மணலில் தேங்கும் குட்டைகளில்தான் இந்த நுளம்பு பெருகும். கிழமைக்கு ஒருமுறை அவற்றை வெட்டி வடியவிட்டால் புழு நுளம்பாகாது. மண்வெட்டி அங்கேயே இருக்கிறது.