கேட்காத காதில்தான் அதிகமாகக் கேட்டது

இரண்டாவது பையன் பிறந்த பிறகுதான் வலது காது மந்தமாகிவிட்டது எனக்கு உறைத்தது. போனை அந்தப் பக்கம் வைத்தால் யாரோ கிணற்றுக்குள் இருந்து பேசுவது போல இருக்கும். அம்மா குறும்பிதான் அடைத்திருக்கிறது என்று எண்ணெய் காய்ச்சி ஊற்றினார் (செய்யாதீர்கள், செவிப்பறையில் ஓட்டை இருந்தால் சீழ் பிடித்துவிடும்). அப்புறம் காது மிஷின் விற்கும் கடை ஒன்றில் பத்தே நிமிடம் சோதித்துவிட்டு "நரம்பு வீக், மிஷின்தான் வழி" என்று விலைப் பட்டியலை நீட்டினார்கள். அப்பாவுக்கும் காது கேட்காது என்பதால் குடும்ப வியாதி போல என்று நானும் கிட்டத்தட்ட நம்பிவிட்டேன்.

நல்லவேளை, வாங்குவதற்கு முன் காது மூக்கு தொண்டை டாக்டரிடம் போனோம். அவர் பள்ளி லேபில் பார்த்த அதே இசைக்கவையைத் தட்டி என் நெற்றி நடுவில் வைத்து, எந்தப் பக்கம் கேட்கிறது என்றார். வலது பக்கம். கேட்காத காதில் எப்படி அதிகமாகக் கேட்கும், தப்பாகச் சொல்லிவிட்டோமோ என்று எனக்கே சந்தேகம், ஆனால் அவர் சிரித்துக்கொண்டே "ஒரு காதை விரலால் அடைச்சு ம்ம்ம்னு முனகிப் பாருங்க" என்றார். அடைத்த காதில்தான் சத்தம் பெரிதாகக் கேட்டது, நீங்களும் இப்போதே செய்து பார்க்கலாம். அதாவது என் நரம்பு நன்றாக இருக்கிறது, சத்தம் உள்ளே போகிற வழியில்தான் அடைப்பு.

மறுநாள் சத்தம் புகாத அறையில், எவ்வளவு மெல்லிய சத்தம் வரை கேட்கிறது என்று வரைபடமாகக் காட்டும் ஆடியோகிராம் எடுத்தார்கள். ஹெட்போன் வழியாக ஒரு முறை, காதுக்குப் பின்னால் எலும்பில் அதிர்வு கொடுத்து ஒரு முறை. எலும்பு வழியாக 15 டெசிபலிலேயே கேட்டது, காற்று வழியாக 50 வரை ஏற்ற வேண்டியிருந்தது. இந்த இடைவெளிதான் விஷயம். நடுக்காதில் மூன்று குட்டி எலும்புகள் உண்டல்லவா, அதில் கடைசியான அங்கவடி எலும்பு, வெறும் மூன்று மில்லிமீட்டர், அசையாமல் இறுகிப் போயிருக்கிறதாம். பெயர் ஓட்டோஸ்கிளிரோசிஸ். பெண்களுக்குத்தான் அதிகம், கர்ப்ப காலத்தில் சிலருக்கு வேகமெடுக்குமாம்.

அப்பாவையும் சோதிக்கச் சொன்னேன். முப்பது வருடம் விசைத்தறிப் பட்டறை. அவருடைய வரைபடத்தில் காற்று வழி, எலும்பு வழி இரண்டு கோடுகளும் இடைவெளி இல்லாமல் ஒட்டியபடியே போய் 4000 ஹெர்ட்ஸில் பள்ளமாக விழுந்தன. உள்காதில் நத்தை ஓடு போல இருக்கும் காக்ளியாவுக்குள், சத்தத்தை உணரும் மயிர் செல்கள் இரைச்சலில் செத்துவிட்டன, அவை திரும்ப முளைக்காது. அவர் எப்போதும் "சத்தம் கேக்குது கண்ணு, என்ன பேசறீங்கன்னுதான் புரியறதில்லை" என்பார், நாங்கள் வேண்டுமென்றே சொல்கிறார் என்று சண்டை போட்டிருக்கிறோம். ச, த போன்ற மெல்லிய ஒலிகள் எல்லாம் உயர் அதிர்வெண், அவைதான் முதலில் போகுமாம். எட்டு மணி நேர வேலைக்குச் சட்டப்படி 90 டெசிபல்தான் உச்ச வரம்பு, தறிப் பட்டறையில் யார் அளந்தார்கள்?

ஆக, ஒரே வீட்டில் இரண்டு செவிட்டுக் காதுகள், இரண்டும் வேறு வேறு வியாதி. எனக்கு ஆபரேஷன், அவருக்கு மிஷின்.

இந்த ஆபரேஷனில் நூற்றில் ஒருவருக்கு இருக்கிற கேட்கும் திறனும் மொத்தமாகப் போய்விடலாம் என்று டாக்டர் முன்கூட்டியே சொன்னார், அதைக் கேட்டு இரண்டு மாதம் தள்ளிப்போட்டேன். கடைசியில் மரத்துப்போக ஊசி போட்டுச் செய்தார்கள், இறுகிய எலும்புக்குப் பதிலாகச் சின்ன டெஃப்லான் பிஸ்டன். நான்கு நாள் தலைசுற்றல், ஒரு மாதம் நாக்கில் இரும்புச் சுவை (சுவை நரம்பு நடுக்காது வழியாகத்தான் ஓடுகிறதாம்), மூக்கைச் சிந்தக் கூடாது. பஞ்சை எடுத்த அன்று குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

இன்னொன்று, காலையில் எழுந்ததும் ஒரு காது திடீரென்று கேட்கவில்லை என்றால் இப்படி மாதக்கணக்கில் அலையாதீர்கள், அன்றே டாக்டரிடம் ஓடுங்கள். நாள் தள்ளத் தள்ள மருந்து வேலை செய்யாது.

அப்பாவுக்கு மிஷின் வாங்கி எட்டு மாதம் ஆகிறது. எங்கே என்று கேட்டால் சட்டைப் பையைத் தொட்டுக் காட்டுவார்.