பெரியப்பாவின் விரல் மை

எங்கள் பெரியப்பா 1952 முதல் ஒரு தேர்தலையும் விட்டவரில்லை. எம்.பி. தேர்தலோ எம்.எல்.ஏ. தேர்தலோ, விடிந்ததும் சலவை வேட்டியோடு வாக்குச்சாவடியில் முதல் ஆளாக நிற்பார். போட்டுவிட்டு வந்து திண்ணையில் உட்கார்ந்தால், தெருவில் போகிறவர்களிடம் மை வைத்த விரலைத் தூக்கிக் காட்டி "என்னப்பா, போட்டாச்சா?" என்று சாயந்தரம் வரைக்கும் விசாரணை நடக்கும். அப்பேர்ப்பட்டவர் 1996 அக்டோபரில், உள்ளாட்சித் தேர்தல் அன்று, காய்ச்சல் என்று போர்த்திப் படுத்துவிட்டார். பெரியம்மா நெற்றியைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "ஒடம்பு ஜில்லுன்னுல்ல இருக்கு" என்றது. அவர் கண்ணைத் திறக்கவில்லை.

இது இப்போது ஏன் ஞாபகம் வந்தது என்றால், போன வாரம் எங்கள் பள்ளிக்கூடத்து ஆசிரியர் அறையில் ஒரு பேச்சு. "படிச்சவனுக்கு மட்டும் ஓட்டு குடுத்தா நாடு உருப்படும் சார்" என்றார் என்னைவிட இருபது வயது சின்னவர் ஒருத்தர். எனக்குச் சிரிப்பு வந்தது. வெள்ளைக்காரன் காலத்தில் அப்படித்தான் இருந்தது. நிலவரி கட்டியவன், சொத்துள்ளவன், படித்தவன் இவர்களுக்குத்தான் ஓட்டு. 1937 தேர்தலில் எங்கள் தாத்தாவுக்கு ஓட்டு இருந்தது. தீர்வை ரசீது வைத்திருந்தார். அவர் வயலில் நாற்று நட்ட ஒருத்தருக்கும் இல்லை. 1952-இல்தான் இருபத்தொரு வயது நிரம்பிய எல்லோருக்கும் என்று ஆனது. எழுதப் படிக்கத் தெரியாதவர்கள்தான் பெரும்பாலும் என்பதால் வேட்பாளருக்கு ஒரு பெட்டி வைத்து, அதன்மேல் சின்னத்தை ஒட்டினார்கள். பெரியப்பா போட்ட அதே பெட்டியில் அவர் பண்ணையாளும் போட்டிருப்பார். அதைப் பற்றி அவர் ஒரு நாளும் குறைப்பட்டுக்கொண்டதில்லை. டில்லி தூரம், மெட்ராஸும் தூரம். அங்கே யார் உட்கார்ந்தாலும் எங்கள் தெருவில் யார் திண்ணையில் உட்காருவது, யார் கீழே நிற்பது என்பது மாறாது.

ஜனநாயகம் தெருவுக்குள் வந்தபோதுதான் காய்ச்சல் வந்தது.

86-இல் நடந்த உள்ளாட்சித் தேர்தலில் பெரியப்பாதான் எங்கள் ஊர்த் தலைவர். காலனிப் பக்கம் அவர் ஓட்டுக் கேட்டே போகவில்லை. சொல்லி அனுப்பினார், போட்டார்கள். அதன் பிறகு பல வருஷம் தேர்தலே இல்லை, தனி அலுவலர் ஆட்சி. நடுவில் 73-ஆவது அரசியல் சட்டத் திருத்தம் வந்து, 1994-இல் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டமும் வந்து, பதவிகளை ஒதுக்கீடு செய்தபோது எங்கள் ஊராட்சி எஸ்.சி. பெண்களுக்கு என்று அறிவிப்பு ஒட்டினார்கள். (எங்கள் சாதி என்னவென்று எழுதவில்லை. மதுரைக்கு மேற்கே என்று சொன்னால் ஊகிக்கிறவர்கள் ஊகித்துக்கொள்வார்கள்.)

எங்கள் வயலில் களையெடுத்துக்கொண்டிருந்த ஒரு அக்கா நின்றது. கூலிக்கும் நெல்லுக்கும் எப்போதும் கொல்லைப்பக்கம் வந்து நிற்கும் ஆள், அன்றைக்கு நாலு பேரோடு முன்வாசலுக்கு வந்தது. கையில் நோட்டீஸ் கட்டு. செருப்பைத் தெருமுனையிலேயே விட்டுவிட்டு வந்திருந்தது, அந்தப் பழக்கம் போகவில்லை. "ஐயா, பூட்டு சாவியில ஒரு ஓட்டுப் போடுங்கய்யா" என்றது. கடன் கேட்கும் அதே குரல்தான். ஆனால் பெரியப்பா முகம் மாறியதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். அந்த அக்கா அதுவரை அவரிடம் கேட்டதெல்லாம் அவரிடம் இருந்தது, அதனிடம் இல்லாதது. ஓட்டு அதனிடமும் ஒன்று இருந்தது. அவரிடமும் ஒன்றுதான் இருந்தது. நோட்டீஸை அவர் வாங்கவில்லை. திண்ணை விளிம்பில் வைத்துவிட்டுப் போனார்கள். காற்றில் பறந்து மாட்டுத் தொட்டியில் விழுந்தது.

எங்கள் ஊரில் தேர்தலாவது நடந்தது. பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலம், விருதுநகர் மாவட்டத்துக் கொட்டக்கச்சியேந்தல் இதே மாதிரி எஸ்.சி.க்கு ஒதுக்கிய நாலு ஊரிலும் 2006 வரை, பத்து வருஷம், ஒழுங்காக நடக்கவே விடவில்லை. மனுத் தாக்கலுக்கு ஆள் வராது. வந்தால் ஜெயித்த கையோடு ராஜினாமா. மேலவளவில் அதைவிடக் கொடுமை. தலைவராக ஜெயித்த முருகேசனையும் கூட இருந்த ஐந்து பேரையும் 1997 ஜூன் 30 அன்று, மதுரை கலெக்டர் ஆபீஸ் போய்த் திரும்பும் வழியில், பேருந்தை மறித்து வெட்டிக் கொன்றார்கள்.

அதற்கு ஒன்றரை மாதம் கழித்து ஆகஸ்ட் 15. சுதந்திரத்தின் பொன்விழா. நான் அப்போது உள்ளூர்ப் பள்ளியிலேயே வாத்தியார், வயது 29, பெரியாரும் அம்பேத்கரும் படித்தவன் என்று எனக்கு நானே ஒரு நினைப்பு. எங்கள் ஊரில் ஜெயித்துத் தலைவராகியிருந்த அந்த அக்கா கொடியேற்றுவதாகத்தான் ஏற்பாடு. முதல் நாள் ராத்திரி ஏதோ பேசி முடித்திருக்கிறார்கள். காலையில் துணைத்தலைவர் கயிற்றை இழுப்பார் என்று ஆனது. துணைத்தலைவர் பெரியப்பாவின் மூத்த மகன், எனக்கு அண்ணன். கொடிக்குள் பூவை வைத்து முடிச்சுப் போட்டது நான். இழுத்தால் அவிழ வேண்டும், அதற்கு முன் அவிழக் கூடாது. அந்த முடிச்சு எனக்கு நன்றாக வரும். கயிற்றை அண்ணன் கையில் கொடுத்தேன். தலைவர் புதுச் சேலையில் பிள்ளைகள் வரிசைக்குப் பக்கத்தில் நின்றது. பூ உதிர்ந்தபோது எல்லோரோடும் சேர்ந்து கை தட்டியது. நான் வாயே திறக்கவில்லை.

துணைத்தலைவர் பதவியின் சூட்சுமம் வெளியூர்க்காரர்களுக்குத் தெரியாது. தலைவரைத்தான் மக்கள் நேரடியாகத் தேர்ந்தெடுக்கிறார்கள். துணைத்தலைவரை வார்டு உறுப்பினர்கள் தேர்ந்தெடுப்பார்கள், அதற்கு ஒதுக்கீடு கிடையாது. ஆனால் ஊராட்சிக் காசோலையில் இரண்டு பேர் கையெழுத்தும் வேண்டும். பாதி கிரீடம் இந்தப் பக்கமே இருந்தது.

98 கோடையில் போர் மோட்டாரின் காயில் கருகிப்போனது. பழுது பார்க்கிறவன் முன்பணம் கேட்டான். தலைவர் காசோலையில் தன் கையெழுத்தைப் போட்டு எடுத்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்தது. "நாளைக்கு வா." மறுநாள், "தோப்புக்குப் போயிருக்காரு." மூன்றாம் நாள் வேப்பமரத்தடியில் மதியம் வரை உட்கார்ந்திருந்தது, மடியில் அந்தக் காசோலைப் புத்தகத்தை ஒரு மஞ்சள் பையில் சுற்றி வைத்துக்கொண்டு. காலனிக்குத் தண்ணி இல்லை என்றால் தானாக வழிக்கு வருவார்கள் என்பது இவர்கள் கணக்கு. மேல்நிலைத் தொட்டி ஒன்றுதான் என்பதை மறந்துவிட்டார்கள். எங்கள் தெருவுக்கும் அதே தொட்டி. ஏழாவது நாள் பெரியம்மா தோட்டத்துக் கிணற்றிலிருந்து இரண்டாவது நடை குடம் தூக்கி வந்து வாசலில் தொம்மென்று வைத்துவிட்டு, "கையெழுத்தப் போட்டுத் தொலைங்கடா" என்று கத்தியது. அன்றைக்குச் சாயந்தரம் போட்டான்.

அந்த ஐந்து வருஷத்தில் பெரியப்பாவின் நிலத்தில் ஒரு சென்ட் குறையவில்லை. வீடு, தோப்பு, கோயிலில் முதல் மரியாதை எல்லாம் அப்படியே இருந்தது. குறைந்தது ஒன்றுதான்: சான்றிதழ் வேண்டும், தெருவிளக்கு எரியவில்லை, வாய்க்கால் தகராறு என்று காலையில் திண்ணைக்கு வருகிற கூட்டம். பத்துப் பேர் நாலு பேர் ஆகி, பிறகு காப்பி குடிக்க வரும் ஒரே ஒரு சொந்தக்காரர் மட்டும். பெரியப்பா அப்போதும் ஏழு மணிக்குக் குளித்து, சட்டை போட்டு உட்கார்ந்திருப்பார். எனக்கு அவர் மேல் கோபம் உண்டு. ஆனாலும் அந்தக் காலைகளை நினைத்தால் கொஞ்சம் பாவமாகவும் இருக்கும்.

2001-இல் மறுபடி அதே ஒதுக்கீடு, அதே அக்கா. இந்தத் தடவை பெரியப்பாவுக்குக் காய்ச்சல் வரவில்லை. கூட்டம் ஓய்ந்த மதிய வேளையில் போய்ப் போட்டுவிட்டு வந்தார் என்று கேள்விப்பட்டேன். நான் வேறு ஊரில் தேர்தல் பணியில் இருந்தேன். யாருக்குப் போட்டார் என்று கேட்க முடியாது. கேட்டாலும் சொல்லியிருக்க மாட்டார்.

2003-இல் இறந்துபோனார். பதினாறாம் நாள் காரியத்துக்குப் பாத்திரம் எடுத்து வைத்துக்கொண்டிருந்தபோது பெரியம்மா சொன்னது: அந்தத் தேர்தல் முடிந்து ஒரு வாரம் அவர் திண்ணைக்கே வரவில்லையாம். கிணற்றடியில் உட்கார்ந்து, எலுமிச்சம்பழத் தோலையும் சாம்பலையும் வைத்து இடது கை விரலைத் தேய்த்துக்கொண்டே இருந்தாராம்.

"தோல்ல போயிருச்சுடா. நகத்துலதான் போகல. அது வளந்துல்ல போகணும்."