ஜிஞ்சாவில் நைல் நதியோடு ஒரு நாள்

நாங்கள் தங்கிய விடுதி ஒரு மேட்டின் மேல் இருந்தது. திண்ணையில் உட்கார்ந்தால் கீழே அகலமான நீர்ப்பரப்பு. நடுவில் மரங்கள் அடர்ந்த சின்னச் சின்னத் தீவுகள், தண்ணீருக்குள் பாதி நின்று கொண்டிருக்கும் பட்ட மரங்களில் நீர்க்காகங்கள். காலை ஆறரை மணிக்குத் தண்ணீர் அசையவே இல்லை. "என்ன அழகான ஏரி!" என்றேன். பக்கத்தில் துடுப்புகளைக் கட்டிக்கொண்டிருந்த எங்கள் வழிகாட்டி நிமிர்ந்து பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை. அந்தப் பார்வையின் அர்த்தம் சாயங்காலம்தான் எனக்குப் புரிந்தது.

நான் பென்னாகரத்துக்காரன். ஒகேனக்கல்லில் பரிசலில் போய்ப் பழகியவன். உகாண்டாவின் தலைநகர் கம்பாலாவில் வேலை பார்க்கும் கல்லூரி நண்பன், "பொங்கல் லீவுக்கு வாங்கடா, நைல் நதியில ராஃப்டிங் போகலாம்" என்று கூப்பிட்டதும் முதலில் டிக்கெட் போட்டது நான்தான். ஈரோட்டுக்காரனும் திருச்சிக்காரனும் சேர்ந்துகொண்டார்கள். நான்கு பேருமே காவிரிக் கரை. உலகத்தின் அத்தனை பெரிய ஆறு ஒன்று ஏரியிலிருந்து புறப்படும் இடத்தைப் பார்க்க வேண்டும் என்ற ஆசை எங்களுக்கு வேறு எதற்கும் இல்லாத அளவுக்கு இருந்தது.

கம்பாலாவிலிருந்து ஜிஞ்சா 80 கிலோமீட்டர்தான். வழியில் லுகாசியில் கரும்புத் தோட்டங்கள், அப்புறம் மபீரா காடு. சாலையோரச் சந்தையில் வண்டி நின்றவுடன் ஜன்னல் வழியாகச் சுட்ட கோழியும், கோஞ்சா என்ற சுட்ட வாழைப்பழமும் நீட்டுகிறார்கள். அந்த வாழைப்பழத்தை மட்டும் தவறவிடாதீர்கள். தணலில் வெந்து, தோல் கருகி, உள்ளே நேந்திரம்பழம் போல இனிக்கும். ஜிஞ்சா நகரத்தில் பழைய இந்தியக் கடைக் கட்டடங்கள் வரிசையாக நிற்கின்றன. நெற்றியில் கட்டிய வருடம் செதுக்கியிருக்கிறது. 1972-இல் சர்வாதிகாரி இடி அமீன் ஆசியர்களை நாட்டை விட்டே அனுப்பியபோது அந்தக் குடும்பங்கள் விட்டுப்போன வீடுகள் அவை. விக்டோரியா ஏரியிலிருந்து ஆறு புறப்படும் இடத்தில் காந்தியின் மார்பளவுச் சிலை இருக்கிறது. 1948-இல் அவருடைய அஸ்தியில் ஒரு பங்கை இங்கேதான் கரைத்தார்கள். அங்கே கரைந்தது எகிப்து வழியாக மத்தியதரைக் கடல் போய்ச் சேர மூன்று மாதம் ஆகுமாம். நான் குனிந்து தண்ணீரைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டேன். ஊரில் ஆடிப்பெருக்குக்குச் செய்வது போலத்தான், கை தானாகப் போனது.

சரி, ராஃப்டிங்குக்கு வருகிறேன். காற்றடைத்த ரப்பர் படகில் சீறும் ஆற்றில் இறங்கிப் போவது.

படகுக்கு ஆறு பேர். நாங்கள் நான்கு பேர், கென்யாவிலிருந்து வந்த இரண்டு பெண்கள், பின்னால் வழிகாட்டி. முப்பது வயசு இருக்கும் அவருக்கு, இந்த ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த சோகா இனத்தவர். லைஃப் ஜாக்கெட் மாட்டியதும் ஒவ்வொருவர் முன்னாலும் வந்து நின்று, இரண்டு தோள் வாரையும் பிடித்து ஆளையே மேலே தூக்கிப் பார்த்தார். ஜாக்கெட் காது வரை ஏறினால் மறுபடி அவிழ்த்து இறுக்கினார். திருச்சிக்காரனுக்கு மூன்று முறை. துடுப்பின் தலையில் 'டி' எழுத்து மாதிரி ஒரு பிடி இருக்கும். அதை உள்ளங்கையால் மூடிப் பிடித்திருக்க வேண்டும். விட்டால் பக்கத்தில் இருப்பவரின் பல் போய்விடும் என்றார். உட்காருவது படகின் விளிம்பில். முன் பாதத்தை முன்னால் இருக்கும் காற்றுத் தலையணைக்கு அடியில் செருகிக்கொள்ள வேண்டும். அந்த ஒரு பாதம்தான் உங்களைப் படகோடு பிணைத்து வைக்கிறது.

அமைதியான மடுவில் அரை மணி நேரம் பயிற்சி. அவரே படகைக் கவிழ்த்து எங்களைத் தண்ணீரில் தள்ளினார். விழுந்தால் மல்லாந்து மித, கால் இரண்டும் ஆறு போகும் திசையில், கட்டைவிரல் தண்ணீருக்கு மேலே தெரியவேண்டும், எழுந்து நிற்க மட்டும் முயலாதே. பாறை இடுக்கில் பாதம் மாட்டிக்கொண்டால், பின்னாலிருந்து வரும் தண்ணீர் ஆளைக் குப்புற அழுத்திவிடும். இதை அவர் சொன்ன விதத்தில் பயமுறுத்தல் இல்லை. பிள்ளைக்குச் சாலை கடக்கச் சொல்லிக் கொடுக்கும் குரல்.

எங்கள் ஊர்க்காரர்களுக்கு ஆறு என்றால் கனஅடி. செய்தியில் நீர்வரத்து எவ்வளவு என்று கேட்டுத்தான் பரிசல் ஓடுமா ஓடாதா என்று முடிவு செய்வோம். இங்கே வினாடிக்குச் சுமார் ஆயிரம் கனமீட்டர் என்றார் நண்பன். மனசுக்குள் கணக்குப் போட்டேன், முப்பத்தைந்தாயிரம் கனஅடி! ஒகேனக்கல்லில் அந்த அளவு வந்தால் பரிசலைக் கரையில் கவிழ்த்துப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்விடுவார்கள். இங்கே அதில்தான் இறங்குகிறோம். ஆனால் ஆறு மிக அகலம், மிக ஆழம். பாறை மேல் விழுந்து அடிபடுவதை விட, தண்ணீருக்குள் கொஞ்ச நேரம் இருந்துவிட்டு மேலே வருவதுதான் இங்கே அதிகம். தண்ணீரும் குளிர்வதில்லை. ரேபிட் என்றால் பாறைகளுக்கு நடுவே தண்ணீர் சீறி இறங்கும் இடம், ஒவ்வொரு ரேபிட்டுக்குப் பிறகும் நீண்ட மடு வரும், விழுந்தவர்களைப் பொறுக்கி எடுக்க நேரம் கிடைக்கும். அதோடு எங்களைச் சுற்றி கயாக் என்ற நான்கு சின்ன ஒற்றையாள் படகுகளில் மீட்பு ஆட்கள் வந்துகொண்டே இருந்தார்கள்.

முதல் பெரிய இறக்கத்துக்கு ஓவர்டைம் என்று பெயர். மேலே இருந்து பார்த்தால் எதுவுமே தெரியாது. ஆறு ஒரு கோட்டோடு முடிந்துவிட்ட மாதிரி இருக்கும், அந்தக் கோட்டுக்குப் பின்னால் நுரைத்தூள் மட்டும் எழும். சத்தம் முதலில் வயிற்றில்தான் கேட்டது. "ஃபார்வர்ட்!" என்று பின்னாலிருந்து குரல். ஆறு துடுப்பும் ஒன்றாக விழுந்தன. கோட்டைத் தாண்டியதும் "கெட் டவுன்!" குனிந்து கயிற்றைப் பிடித்தோம். படகு மூக்கைக் குத்தி உள்ளே போய், தண்ணீரைக் கிழித்துக்கொண்டு எழுந்தது. ஆறு பேரும் படகில் இருந்தோம். கத்தினோம். ஈரோட்டுக்காரன் பேசவே அளந்து பேசுபவன். அவன் தொண்டை கிழியக் கத்தியதை அன்றைக்குத்தான் கேட்டேன்.

அடுத்தடுத்து இரண்டு மூன்று தாண்டினோம். மடுக்களில் வெள்ளையும் கறுப்புமான மீன்கொத்திகள் ஒரே இடத்தில் சிறகடித்து நின்று செங்குத்தாக விழுந்தன. கரையில் பெண்கள் துணி துவைத்துக்கொண்டிருந்தார்கள், பிள்ளைகள் எங்களைப் பார்த்துக் கையாட்டிக்கொண்டே கரையோடு ஓடிவந்தார்கள். மதியம் படகிலேயே அன்னாசிப்பழம் வெட்டிக் கொடுத்தார் வழிகாட்டி. அப்போதுதான் நிதானமாகப் பேச ஆரம்பித்தார்.

பிற்பகலில் இட்டாண்டா அருவி. இதன் மேல்பகுதியில் ராஃப்ட் விடுவதில்லை. கரையேறி, படகைத் தலைமேல் தூக்கிக்கொண்டு பாறைகளைச் சுற்றி நடந்தோம். அந்த நடையில் ஒரு பாறை மேல் நின்று அருவியைப் பார்த்தேன். ஒரே தாவலில் விழுந்து முடிகிற அருவி இல்லை இது. படிப்படியாக இறங்கி, ஒவ்வொரு படியிலும் தண்ணீர் மடங்கித் தன்மேலேயே திரும்பி விழுகிறது. மஞ்சள் கலந்த வெள்ளை. நின்ற பாறை காலுக்குக் கீழே அதிர்ந்தது. ஒரு பெரிய மரக்கிளை வந்து ஒரு சுழியில் மாட்டியது. நிமிர்ந்து நின்றது, மறைந்தது, மறுபடி நிமிர்ந்தது. நான் பார்த்துக்கொண்டிருந்த வரைக்கும் அது அங்கிருந்து கிளம்பவே இல்லை.

அதற்குக் கீழே மறுபடி இறங்கினோம். அந்தக் கடைசி அலைக்கு 'மோசமான இடம்' என்றே பெயர் வைத்திருக்கிறார்கள். பக்கவாட்டில் அடித்தது அலை. என் பக்கம் மேலே எழும்பியது. எதிர் விளிம்பில் இருந்த நண்பனின் முகம் எனக்கு நேர் கீழே தெரிந்தது. அடுத்த கணம் நான் தண்ணீருக்குள்.

உள்ளே சத்தம் இல்லை. அதுதான் இன்னமும் நினைவில் நிற்கிறது. வெளியே அவ்வளவு முழக்கம், உள்ளே பச்சை வெளிச்சமும் முகத்தை உரசிப்போகும் காற்றுக் குமிழிகளும்தான். மேல் எது கீழ் எது என்று தெரியவில்லை. கையை உதறக்கூடாது, முட்டியை நெஞ்சோடு சேர்த்து வை, ஜாக்கெட் உன்னைக் கொண்டுவந்துவிடும் என்று காலையில் சொன்னது ஞாபகம் வந்தது. அப்படியே சுருண்டேன். நான்கைந்து விநாடிதான் இருந்திருக்கும். தலை வெளியே வந்தது, ஒரு வாய் காற்று, அடுத்த அலை முகத்தில். அதற்குள் ஒரு கயாக் பக்கத்தில் வந்து, "மூக்கைப் பிடி!" என்றது. கயாக்கின் முனையைச் சொல்கிறார்கள். இரண்டு கையாலும் கட்டிக்கொண்டேன். கீழே மடுவில் எங்கள் படகு கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் வழிகாட்டி நின்று தலைகளை எண்ணிக்கொண்டிருந்தார். ஆறாவது தலை என்னுடையது. "சிக்ஸ்!" என்று கையை உயர்த்தினார். என் நண்பன் அழுதுகொண்டிருந்தான். படகில் ஏறியதும் என் தலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "உங்கம்மாவுக்கு நான் என்னடா பதில் சொல்லியிருப்பேன்" என்றான். அவனை அவ்வளவு நெருக்கமாக உணர்ந்த நாள் வேறு இல்லை.

அதற்கப்புறம் ஆற்றில் வேகம் செத்துவிட்டது. துடுப்பு போட்டுத்தான் நகர்ந்தோம். அது கீழே 2019-இல் திறந்த இசிம்பா அணையின் தேங்கல்.

திரும்பி வந்து திண்ணையில் உட்கார்ந்தோம். எதிரே காலையில் பார்த்த அதே ஏரி. வழிகாட்டி எல்லோருக்கும் ரோலெக்ஸ் வாங்கி வந்தார். சப்பாத்திக்குள் முட்டை, கோஸ், தக்காளி வைத்துச் சுருட்டியது, இந்த நாட்டின் தெருவெல்லாம் கிடைக்கும். இந்தியர்கள் கொண்டுவந்த சப்பாத்தி, இன்றைக்கு அவர்களுடையதாகவே ஆகிவிட்டது. சாப்பிட்டுக்கொண்டே அவர் தண்ணீரைக் காட்டி, "இது ஏரி இல்லை" என்றார். "இதுதான் புஜகாலி அருவி."

இங்கே கட்டிய 250 மெகாவாட் நீர்மின் அணை 2012-இல் திறக்கப்பட்டது. தண்ணீர் தேங்கி அருவி முழுவதும் உள்ளே போய்விட்டது. அதற்கு முன்னால் ராஃப்டிங் இங்கேயே இந்தத் திண்ணைக்குக் கீழே இருந்துதான் தொடங்குமாம். விரலால் ஒவ்வொன்றாகக் காட்டினார். அந்த நீர்க்காகம் உட்கார்ந்திருக்கிறதே, அங்கே முதல் படி. அந்தத் தீவின் வால்பக்கம் இரண்டாவது. இதற்கும் மேலே, 1862-இல் ஆங்கிலேயப் பயணி ஸ்பீக் வந்து பார்த்த ரிப்பன் அருவி 1954-இல் கட்டிய ஓவன் அணையால் போனது. கீழே இசிம்பா. நடுவில் மிச்சமிருப்பதில்தான் நாங்கள் இன்றைக்குப் போனோம். புஜகாலிக்கு ஈடாக இட்டாண்டாவையும் பக்கத்தில் கலகாலாவையும் காப்பாற்றி வைப்போம் என்று உகாண்டா அரசு 2007-இல் உலக வங்கியோடு ஒப்பந்தம் போட்டிருக்கிறது. அது நிற்க வேண்டும் என்று நான் மனதார வேண்டுகிறேன். அணையே வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை. "என் வீட்டிலும் விளக்கு எரிகிறது" என்றார்.

அந்த அருவிக்குள் ஓர் ஆவி குடியிருப்பதாக அவர்கள் நம்பிக்கை. ஜாஜா புஜகாலி. ஜாஜா என்றால் தாத்தா. அணை கட்டியபோது அந்த ஆவியை வேறு இடத்துக்கு அழைத்துப்போகச் சடங்கு செய்தார்களாம். வழிகாட்டிக்கு அது ஒப்பவில்லை, "அருவியின் ஆவி அருவி இல்லாத இடத்தில் எப்படி இருக்கும்?" என்று கேட்டார்.

நான் எங்கள் கதையைச் சொன்னேன். என் பாட்டியின் பிறந்த ஊர் மேட்டூர் அணைக்குள் இருக்கிறது. 1934-இல் அணை முடிந்தபோது அவர்கள் குலதெய்வக் கோயிலிலிருந்து ஒரு பிடி மண்ணைத் துணியில் முடிந்து எடுத்துக்கொண்டு மேட்டுக்கு வந்தார்கள். அந்தப் பிடிமண்ணை வைத்துத்தான் இன்றைக்கு இருக்கும் கோயில். தண்ணீர் நன்றாக வற்றினால் பண்ணவாடியில் பழைய நந்தி சிலையும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும், நாங்கள் போய்ப் பார்த்துவிட்டு வருவோம். அவர் சாப்பிடுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "வெளியே வருமா? உங்கள் கண்ணால் பார்த்தீர்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

பிறகு சொன்னார். அவர்கள் வீடு அருவிக்குப் பக்கத்தில்தான் இருந்தது. தண்ணீர் ஏறி, சத்தம் நின்ற முதல் வாரம் முழுக்க அவருடைய அப்பா ராத்திரியில் எழுந்து எழுந்து வெளியே வந்து உட்கார்ந்தாராம். பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்தில் தூங்கியவர்.

இருட்டிவிட்டது. தவளைகள் கத்த ஆரம்பித்திருந்தன. அவர் எழுந்து, துடுப்புகளை எண்ணி ஆறு ஆறாகக் கட்டிச் சுவரோரம் சாய்த்தார். எங்களுக்கு நினைவூட்டினார், ஊருக்குப் போய் ஆறு வாரம் கழித்து நத்தைக் காய்ச்சல் (பில்ஹார்சியா) மாத்திரையை மறக்காமல் போட்டுக்கொள்ள வேண்டும், இந்தத் தண்ணீரில் அந்தக் கிருமி உண்டு, மருத்துவரிடம் நைல் நதியில் இறங்கினோம் என்று சொன்னாலே போதும். நாளைக் காலை எட்டு மணிக்கு அவருக்கு அடுத்த குழு. படியிறங்கும்போது நின்று, என்னைப் பார்த்து மறுபடி கேட்டார்: "அந்த நந்தி, எந்த மாதம் வெளியே வரும்?"