அரசு லேப்டாப்பில் எஸ்எஸ்டி போட்ட கதை

எஸ்எஸ்டியை (சுற்றும் தட்டு இல்லாமல் சிப்பிலேயே சேமிக்கும் டிஸ்க்) மாட்ட ஆனது அரை மணி நேரம். அதற்கு முன் பழைய ஹார்ட் டிஸ்கிலிருந்து படங்களை வெளியே எடுக்க மூன்று நாள் போனது. அதனால் இந்தக் குறிப்பில் ஸ்குரு டிரைவரைவிடக் காப்பி எடுத்த கதைதான் அதிகம் இருக்கும்.

2012-இல் பிளஸ் டூ படித்தபோது தங்கைக்கு அரசு கொடுத்த லேப்டாப் இது. 320 ஜிபி ஹார்ட் டிஸ்க், 2 ஜிபி ராம். அவள் கல்யாணமாகித் திருச்சிக்குப் போனபின் அப்பா கைக்கு வந்தது. கொள்முதல் நிலையத்தில் எத்தனை மூட்டை போட்டோம், உரத்துக்கு எவ்வளவு, நடவுக்கூலி எவ்வளவு என்று எல்லாக் கணக்கும் அதில்தான். சில மாதங்களாக அவர் பவர் பட்டனை அமுக்கிவிட்டுப் போய் மாட்டுக்கு வைக்கோல் போட்டுவிட்டு வருவார். போனில் நேரம் பார்த்தேன்: கணக்கு ஃபைல் திறக்க 6 நிமிடம் 40 வினாடி. கூடவே டிஸ்கிலிருந்து டிக், டிக் என்று ஒரு சத்தம்.

மன்னார்குடியில் ஒரு கடையில் கேட்டேன். “இது பழைய சாட்டா டூ போர்டு தம்பி. எஸ்எஸ்டி போட்டாலும் முழு வேகம் வராது, புதுசே வாங்கிடுங்க” என்றார். பாதி உண்மை. சாட்டா என்பது டிஸ்கைப் போர்டோடு இணைக்கும் வழி. சாட்டா டூவின் உச்சம் நொடிக்கு சுமார் 300 எம்பி, சாட்டா த்ரீயில் அது இரட்டிப்பு. ஆனால் பழைய டிஸ்க் மெதுவாக இருப்பதற்குக் காரணம் அதுவல்ல. நிமிடத்துக்கு 5400 சுற்று சுற்றும் தட்டில் ஒரு சுற்றுக்கு 11 மில்லி வினாடி ஆகிறது. வேண்டிய இடம் ஊசிக்குக் கீழே வரச் சராசரியாக அரைச் சுற்று காத்திருக்க வேண்டும், ஊசி நகரும் நேரம் தனி. கணினி கிளம்பும்போது ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்களைப் படிக்கிறது, ஒவ்வொன்றுக்கும் இந்தக் காத்திருப்பு. எஸ்எஸ்டியில் சுற்றுவதற்கு எதுவுமே இல்லை, 0.1 மில்லி வினாடி அளவில் வேலை முடிகிறது. போர்டு பழசாக இருந்தாலும் இந்த லாபம் கிடைத்தே தீரும். 240 ஜிபி ஒன்றை 1,550 ரூபாய்க்கு வரவழைத்தேன்.

முதல் நாள். லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் பென்டிரைவிலிருந்து கிளப்பி, டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரத்தைப் பார்த்தேன். 197-ஆம் எண்ணில், அதாவது படிக்க முடியாமல் நிலுவையில் நிற்கும் செக்டர்கள் (டிஸ்கின் சின்னத் துண்டுகள்), 24 என்று இருந்தது. அங்கே 0 இருக்க வேண்டும். பெரியப்பா மகனிடம் இரவல் வாங்கிய 1 டிபி வெளி டிஸ்குக்குப் படங்களை இழுத்துப் போட்டேன். பதினோரு சதவீதத்தில் நின்றது, நின்றதுதான். ஒரே ஃபைலைப் பிடித்துக்கொண்டு டிக், டிக். சாகக் கிடக்கும் டிஸ்கை இப்படித் திரும்பத் திரும்பப் படிக்க வைப்பது கெடுதல் என்று தெரிந்தும் ஒரு மணி நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். என் தப்பு.

அப்புறம் டிடிரெஸ்க்யூ என்ற மீட்பு மென்பொருளுக்கு மாறினேன். இது முதலில் நல்ல இடங்களை எல்லாம் வேகமாக அள்ளிக்கொள்ளும், கெட்ட இடங்களைத் தாண்டிப் போய்விட்டுக் கடைசியில் திரும்பி வந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சுரண்டும். எதுவரை முடிந்தது என்பதை ஒரு மேப் ஃபைலில் எழுதிக்கொண்டே வரும். யூஎஸ்பி 2 என்பதால் நொடிக்கு 30 எம்பிதான், ஆனாலும் ஓடியது. இரவு பத்தரைக்குக் கரண்ட் போனது. லேப்டாப்பின் பேட்டரி செத்து இரண்டு வருஷம் ஆகிறது. திரையும் அதோடு போனது.

மேப் ஃபைல் இருக்கிறதே, விட்ட இடத்திலிருந்து தொடரலாம் என்று தைரியமாக இருந்தேன். கரண்ட் வந்ததும் பார்த்தால் ஃபைலைக் காணோம். பென்டிரைவ் லினக்ஸில் ஹோம் என்ற ஃபோல்டர் ராமில் இருக்கும் இடம், கரண்ட் போனால் அழிந்துவிடும், நான் அதை அங்கே வைத்திருக்கிறேன்! மேப் ஃபைலையும் வெளி டிஸ்கிலேயே வையுங்கள். இந்த ஒரு வரிக்காகவே இதை எழுதுகிறேன் என்றுகூடச் சொல்லலாம்.

இரண்டாம் நாள் துணை மின்நிலையத்தில் மாதாந்திரப் பராமரிப்பு. காலை 9 முதல் மாலை 5 வரை மின்சாரம் கிடையாது. எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு திருத்துறைப்பூண்டியில் பெரியப்பா வீட்டுக்குப் போனேன், அங்கே இன்வெர்ட்டர் இருக்கிறது. “டிவி பார்க்க வந்தியா, கணினிக்கு வைத்தியம் பார்க்க வந்தியா?” என்றார் பெரியம்மா. சாயங்காலத்துக்குள் நல்ல பகுதி முழுதும் வந்துவிட்டது. கெட்ட பகுதியைச் சுரண்ட மறுநாள் மத்தியானம் வரை ஆனது. மொத்தத்தில் மீளாமல் போனது 180 கேபி. அவ்வளவுதான்.

அந்த 180 கேபி எங்கே விழுந்திருக்கிறது என்று படங்களைத் திறந்து பார்த்தேன். ஒன்றில் மேல்பாதிதான் இருக்கிறது, கீழ்ப்பாதி முழுக்கச் சாம்பல். 2017 பொங்கலுக்கு எங்கள் தென்னந்தோப்பில் எடுத்தது. 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா புயல் கரை ஏறியதில் அந்தத் தோப்பில் நின்றது நாலே மரம். படத்தில் குருத்தும் மட்டையும் தெரிகின்றன, அடிமரமும் எங்கள் முகங்களும் இல்லை. அப்பா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார். “இது கிணத்தடி மரம்” என்றார். நல்லவேளை, அதே நாளில் எடுத்த மற்ற பதினேழு படங்கள் முழுசாக இருக்கின்றன.

மாட்டுவது பற்றிச் சொல்ல அதிகமில்லை. சார்ஜரைக் கழற்றி, பேட்டரியை எடுத்து, உடம்பில் உள்ள நிலைமின்சாரம் போக ஜன்னல் கம்பியைத் தொட்டுவிட்டு அடி மூடியைத் திறந்தேன். பழைய டிஸ்க் 9.5 மில்லி மீட்டர் தடிமன், எஸ்எஸ்டி 7. பெட்டியில் வந்த பிளாஸ்டிக் சட்டத்தை ஒட்டினால் ஆட்டம் இல்லாமல் உட்கார்ந்துகொள்கிறது. டிஸ்கை மேலே நெம்பக் கூடாது, பக்கவாட்டில் இழுத்தால் சாட்டா இணைப்பிலிருந்து விடுபடும். விசிறியைத் திறந்தபோதுதான் ஆச்சரியம்: களத்துத் தூசும் பதரும் சேர்ந்து மெத்தையாக அடைத்திருந்தது. பழைய பெயின்ட் பிரஷால் தட்டி எடுத்தேன். ராமையும் 4 ஜிபி ஆக்கினேன்.

பயாஸில் (கணினி கிளம்பும்போது வரும் அடிப்படை அமைப்புத் திரை) டிஸ்க் அமைப்பு ஏஹெச்சிஐ (சாட்டா டிஸ்கோடு பேசும் முறை) என்று இருக்கிறதா எனப் பார்த்துவிட்டு லினக்ஸ் மின்டின் எக்ஸ்எஃப்சிஇ பதிப்பை நிறுவினேன். பழையதை அப்படியே குளோன் செய்யவில்லை. விண்டோஸ் 7-க்கான ஆதரவு 2020 ஜனவரியிலேயே முடிந்துவிட்டது, அந்தக் குப்பையைப் புது வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு போவானேன்? எந்த இடம் காலி என்று எஸ்எஸ்டிக்குச் சொல்லும் டிரிம் வேலையை மின்ட் வாரம் ஒருமுறை தானே செய்துகொள்கிறது. படிக்கும் வேகம் 260 எம்பியில் நிற்கிறது. கடைக்காரர் சொன்ன சாட்டா டூ எல்லை நடைமுறையில் இதுதான். கணக்கு ஃபைல் திறக்க இப்போது 38 வினாடி. எக்செல்லுக்குப் பதில் லிப்ரே ஆபீஸ், அப்பாவுக்கு ஒரு நாள் முணுமுணுப்பு, அவ்வளவுதான்.

படங்களின் ஒரு பிரதியை எஸ்எஸ்டியில் வைத்திருக்கிறேன். ஆனால் கரண்டே கொடுக்காமல் வருஷக்கணக்கில் பீரோவில் போட்டுவைக்க எஸ்எஸ்டி ஏற்றதல்ல, உள்ளே இருக்கும் மின்னூட்டம் மெல்லக் கசியும். ஆகவே இன்னொரு பிரதி ஒரு புது ஹார்ட் டிஸ்கில், தங்கை வீட்டில். பெரியப்பா மகன் தன் 1 டிபியைத் திருப்பிக் கேட்டு இரண்டு முறை போன் செய்துவிட்டான், ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். அடுத்தது பேட்டரி.