இரண்டாவது வில்

ஜனவரி 9

முதல் வில் இரண்டு துண்டுகளாகச் சுவரில் தொங்குகிறது. வேண்டுமென்றேதான் மாட்டியிருக்கிறேன். பிடியிலிருந்து ஒரு சாண் தள்ளி, முதுகில் நார் கிளம்பி ஈட்டி முனை போல நிற்கிறது. அறுத்த பலகையில் செய்த வில் அது. பலகையின் விளிம்பு நேராக இருந்தது. உள்ளே ஓடிய நார் நேராக இல்லை. ரம்பத்துக்குக் கோடுதான் தெரியும், நாரோட்டம் தெரியாது. நார் சரிந்து வந்து முதுகில் முடிந்த இடத்திலேயே பிளந்துகொண்டது. 24 அங்குலம் இழுத்தபோது வந்த அந்தச் சத்தம் இன்னும் காதில் இருக்கிறது.

இந்த முறை பலகை வேண்டாம். ஆப்பு அடித்துப் பிளந்த ஆஷ் மரக்கட்டை. பிளவு நாரைத் தொடர்ந்தே போகும் என்பதால் கட்டை லேசாகப் பாம்பு போல நெளிந்திருக்கிறது. நெளியட்டும். பட்டையை உரித்து, வெடிப்பு விடாமலிருக்க இரு முனைகளிலும் பசை பூசி, ஒரு வருடத்துக்கு மேல் நிழலில் போட்டிருந்தேன். வாரம் ஒருமுறை எடை பார்க்கிறேன். நான்கு வாரங்களாக மாற்றமே இல்லை. ஈரமானி 9 சதவீதம் காட்டுகிறது. ஈரம் மிஞ்சினால் வில் வளைந்தபடியே தங்கிவிடும், வற்றிவிட்டால் முறியும். இரண்டுக்கும் நடுவில் நல்ல இடத்தில் இருக்கிறது.

ஜனவரி 11

வில்லின் எந்தப் பக்கம் முதுகு, எந்தப் பக்கம் வயிறு என்று கேட்டுச் சிலர் எழுதுகிறார்கள். குனிகிற ஆளை நினைத்துக்கொள்ளுங்கள். முதுகு இழுபடும், வயிறு மடிந்து அழுந்தும். வில்லுக்கும் அதேதான்: எய்பவரை நோக்கியிருப்பது வயிறு, இலக்கை நோக்கியிருப்பது முதுகு. பழந்தமிழில் வில்லை வளைப்பதைக் ‘குனித்தல்’ என்றார்கள். சொல்லிலேயே படம் இருக்கிறது. பிடிக்கு மேலுள்ள பாதியை மேல்கை என்றும் கீழுள்ளதைக் கீழ்க்கை என்றும் எழுதுகிறேன். நாண் மாட்டும் வெட்டுக்குக் ‘குதை’ என்ற அழகான பழைய சொல் அகராதியில் தூங்குகிறது. அதையும் எழுப்பிவிட்டேன்.

இன்று வரைபடம் மட்டும். நீளம் 172 சென்டிமீட்டர். நான் இழுப்பது 28 அங்குலம். அதன் இரு மடங்குக்கு மேல் ஓர் அரை சாணாவது கூடுதலாக இருந்தால்தான் மரம் மூச்சு விடும். நடுவில் 10 சென்டிமீட்டர் பிடி. அங்கிருந்து கையின் பாதி தூரம் வரை அகலம் 4.5 சென்டிமீட்டர், பிறகு நுனி வரை குறுகிக்கொண்டே போய் ஒன்றேகால். ஆஷ் இழுவையைத் தாங்கும் அளவுக்கு அழுத்தத்தைத் தாங்காது. அதனால் வயிற்றை அகலமாக, தட்டையாக விட்டு அழுத்தத்தைப் பரப்புகிறேன். யூ மரமாக இருந்தால் குறுக்கி, தடிமனாகச் செய்யலாம். அதன் வைரம், அதாவது உள்மரம், அழுத்தத்துக்கென்றே பிறந்தது.

நடுக்கோட்டை அளவுகோல் வைத்துப் போடவில்லை. நாரைப் பார்த்து பென்சிலை நகர்த்தினேன். முதுகு, பட்டைக்கு அடியில் இருந்த அதே ஆண்டு வளையம். அதன்மேல் எந்தக் கருவியும் படாது. கீழ்க்கையில் சுண்டுவிரல் நகம் அளவுக்கு ஒரு கணு இருக்கிறது. அதைச் சுற்றி நார் ஆற்றுநீர் பாறையைச் சுற்றுவது போல விலகிப் போகிறது. அங்கே மட்டும் அகலத்தைக் கொஞ்சம் கூட்டி வரைந்தேன்.

ஜனவரி 13

இரண்டு நாளும் வெட்டும் சீவலும்தான். இருபுறமும் கைப்பிடி உள்ள இழுவைக் கத்தியால் பக்கவாட்டை இறக்கினேன். உள்ளங்கையில் கொப்புளம். எழுத வேறொன்றும் இல்லை.

ஜனவரி 15

ஒரு நுனியைத் தரையில் ஊன்றி, பிடியைப் பற்றி, உடம்பைச் சாய்த்து அழுத்தினேன். வளையவில்லை. சீவினேன். மறுபடி அழுத்தினேன். ஐந்தாவது முறையில் மரம் லேசாக இணங்கியது. அந்த நொடியில் அது கட்டையாக இருப்பதை விட்டு வேறொன்றாக ஆகத் தொடங்குகிறது.

இதற்கு ஆங்கிலத்தில் ‘டில்லரிங்’ என்று சொல்கிறார்கள். நான் ‘பழக்குதல்’ என்றே சொல்லப்போகிறேன். இரண்டு கைகளையும் ஒரே மாதிரி, ஒரே சீராக வளையப் பழக்குவது. சீவுவது எல்லாம் வயிற்றுப் பக்கத்தில்தான்.

இங்கே ஒரு கணக்கை மனதில் வைக்காதவர்கள் விறகுதான் செய்வார்கள் (நான் செய்தேன்). அகலத்தைப் பாதியாக்கினால் விறைப்பும் பாதியாகும். தடிமனைப் பாதியாக்கினால் எட்டில் ஒரு பங்குதான் மிஞ்சும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடியை (தடிமன் × தடிமன் × தடிமன்) பொறுத்தது. 15 மில்லிமீட்டர் தடிமனில் ஒரே ஒரு மில்லிமீட்டர் எடுத்தால் அந்த இடம் ஐந்தில் ஒரு பங்கு விறைப்பை இழக்கிறது. நகத்தின் தடிமனில் வில்லின் தலையெழுத்து மாறும்.

ஜனவரி 18

பழக்கும் மரத்தில் ஏற்றினேன். சுவரில் பொருத்திய தாங்கியில் பிடியை உட்காரவைத்து, தளர்வான நீள நாணை மாட்டி, தரையில் உள்ள கப்பி வழியாகக் கயிற்றை இழுத்தால் தூர நின்று முழு வளைவையும் பார்க்கலாம். பின்சுவரில் கட்டம் போட்டிருக்கிறேன். நடுவில் சுருள்வில் தராசு. வில்லின் பலத்தை அளக்கிற கருவியின் பெயருக்குள்ளும் வில் இருப்பது எனக்குப் பிடித்திருக்கிறது. வில்வண்டியிலும் இருப்பது இந்த வில்தான். வளைந்து, வலிமையைச் சேர்த்து வைத்து, திருப்பித் தருவது.

இலக்கு, 28 அங்குலம் இழுக்க 45 பவுண்டு பலம், அதாவது இருபது கிலோவுக்குச் சற்று மேல். இங்கே கண்டிப்பான விதி ஒன்று: எவ்வளவு குறைந்த தூரமாக இருந்தாலும், தராசு 45-ஐத் தொட்டதும் நிறுத்த வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் வயிற்றின் நார் நசுங்கும், நசுங்கியது நிமிராது. இன்று 11 அங்குலத்தில் 45 வந்துவிட்டது. அப்படியானால் இன்னும் நிறைய மரம் போக வேண்டும். ஒவ்வொரு சீவலுக்குப் பிறகும் முப்பது முறை மெல்ல இழுத்து விடுகிறேன். சீவியது உடனே தெரியாது. மரத்துக்குச் செய்தி போய்ச் சேர நேரம் பிடிக்கிறது.

கண்ணை மட்டும் நம்பாமல் ஒரு சிறு கட்டையின் நடுவில் துளையிட்டு பென்சில் செருகி வைத்திருக்கிறேன். அதிகம் வளைந்த இடத்தில் வைத்து பென்சில் முனை படுகிற அளவுக்கு இறக்கிக்கொண்டு, வளைத்த வில்லின் வயிற்றில் ஓட்டினால், வளையாத இடங்களில் அதுவே அழுத்தமாகக் கோடு போடும். கோடு இருக்கும் இடத்தில் சீவு, இல்லாத இடத்தைத் தொடாதே. இதைவிட எளிய ஆசான் கிடையாது.

ஜனவரி 19, இரவு

ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு. 20 அங்குலம் வரை வந்துவிட்டோம், இன்றே நாணேற்றிவிடலாம் என்று ஒற்றை விளக்கின் கீழ் அரத்தை எடுத்தேன். பென்சில் கட்டையை எடுக்கவில்லை. கீழ்க்கையின் நடுவில் நிழல் தடித்துத் தெரிந்ததை மரம் தடித்திருப்பதாக நினைத்து இருபது முறை ராவினேன். மரத்தில் ஏற்றிக் கயிற்றை இழுத்தபோது கீழ்க்கை அந்த இடத்தில் மட்டும் மடங்கியது. முழங்கை மாதிரி. மற்ற இடமெல்லாம் நிமிர்ந்து நிற்கிறது.

உடனே இறக்கிவிட்டேன். அந்த நான்கு விரல் அகலத்தைச் சுற்றி பென்சிலால் வட்டம் போட்டு ‘தொடாதே’ என்று எழுதினேன். எனக்குத்தான் எழுதியது.

ஜனவரி 20

இன்று சீவவில்லை. இருபது வருடமாக வில் செய்கிற ஒரு அண்ணனைத் தொலைபேசியில் அழைத்தேன்.

“எவ்வளவு எடுத்தாய்?”

“ஒரு மில்லிமீட்டர் இருக்கும், அண்ணா.”

“ஒட்ட முடியுமா?”

“முடியாது.”

“அப்படியானால் அதை ஏன் பார்த்துக்கொண்டே இருக்கிறாய்? அந்த இடத்தின் பலம் எவ்வளவோ, அதுதான் இனி உன் வில்லின் பலம். மற்ற இடங்களை எல்லாம் அதன் மட்டத்துக்கு இறக்கு. இந்தக் கை முடிந்ததும் அந்தக் கையையும்.”

“இறக்கினால் நாற்பத்தைந்து வராதே, அண்ணா.”

“நாற்பத்தைந்து யார் கேட்டது? மரமா?”

அதற்குப் பிறகு அவர் வேறு ஏதோ பேசினார். எனக்குக் காதில் விழவில்லை.

ஜனவரி 24

நான்கு நாளாக அரத்தைத் தொடவில்லை; சுரண்டு தகடு மட்டும்தான். அரம் மரத்தைக் கடிக்கும், தகடு தாள் போல உரிக்கும். வட்டத்துக்கு இருபுறமும் கோடு விழுந்த இடங்களை உரித்துக்கொண்டே வந்தேன். மடிப்பு முதலில் வெட்டென்று தெரிந்தது, பிறகு மங்கியது, நேற்று மாலை வளைவுக்குள் கரைந்துவிட்டது. இலக்கை 38 என்று மாற்றி எழுதினேன். ஒவ்வொரு பவுண்டும் தரையில் சுருள் சுருளாகக் கிடக்கிறது.

இன்று முதன்முறையாகக் குட்டை நாணில் ஏற்றினேன். பிடிக்கும் நாணுக்கும் நடுவே 8 சென்டிமீட்டர் மட்டும். நாண் பிடியின் நடுவில் ஓடாமல் இடப்பக்கம் ஒதுங்கி நின்றது. மேல்கையின் நுனியில் இருந்த நெளிவுதான் காரணம். இறக்கி, வெப்பக் காற்றடிப்பானால் நுனியை மெதுவாகச் சூடேற்றி, மரம் தொட முடியாத சூட்டுக்கு வந்ததும் திருகி, இடுக்கியில் இறுக்கினேன். ஆறும் வரை எடுக்கவில்லை. சூடேறிய மரம் எலும்பு போல உலர்ந்திருக்கும். காற்றிலிருந்து ஈரத்தை மீட்டுக்கொள்ளும் வரை வளைக்கக் கூடாது. ஐந்து நாள் விடுமுறை.

ஜனவரி 26

சும்மா இருக்கும் நாளில் மனம் எங்கெங்கோ போகிறது. 1991-இல் ஆல்ப்ஸ் மலையின் பனியில் கண்டெடுத்த ஓட்ஸி என்ற மனிதனின் உடலோடு ஒரு யூ மர வில்லும் கிடைத்தது. நீளம் 182 சென்டிமீட்டர் அளவில், அவனைவிட உயரம். அது முடிக்கப்படாத வில். வெட்டிய தடங்கள் இன்னும் அதன்மேல் இருக்கின்றன, நாண் மாட்டக் குதைகூட இல்லை. அம்புக்கூட்டில் 14 அம்புகள். அவற்றில் இரண்டுதான் முடிந்தவை. ஐயாயிரம் ஆண்டுகளுக்கு மேல் ஆகிவிட்டது. இறந்ததைவிட, பாதியில் நின்ற அந்தச் சீவல்தான் என்னை உறுத்துகிறது. எங்கே மடிந்தது, எங்கே விறைத்தது என்று அவனுக்கும் ஒரு கணக்கு இருந்திருக்கும்.

டென்மார்க்கின் ஹோல்மகோர் சதுப்பில் கிடைத்த எல்ம் மர வில்கள் அதைவிடவும் பழையவை, சுமார் ஒன்பதாயிரம் ஆண்டு. தட்டையான அகலக் கைகள், குறுகிய நுனி. என் மேசையில் இருப்பதும் கிட்டத்தட்ட அதே வடிவம்தான். அவர்களிடம் உலோகமே இல்லை, கல் கருவிதான். எனக்கு விளக்கு சரியில்லை என்று புலம்பிக்கொண்டிருக்கிறேன்.

பிப்ரவரி 2

முழு இழுப்பு. 28 அங்குலத்தில் 37 பவுண்டு. கப்பிக் கயிற்றைப் பிடித்திருந்த என் கைதான் நடுங்கியது.

கீழ்க்கையை மேல்கையைவிட ஒரு துளி விறைப்பாக விட்டிருக்கிறேன். நாணிலிருந்து அளந்தால் இரண்டுக்கும் 4 மில்லிமீட்டர் வித்தியாசம். அம்பு பிடிக்கு மேலே இருந்து போவதால் இரண்டு கைகளுக்கும் சுமை சமமாக விழாது. அதற்கு ஈடுகட்டத்தான் இது. நாணை இறக்கியபின் நுனிகள் பிடியைவிட 2 சென்டிமீட்டர் வயிற்றுப் பக்கம் தள்ளி நிற்கின்றன. வளைவு தங்கிவிட்ட அளவு அது. ஆஷ் மரத்துக்கு இது பரவாயில்லை. மடிப்பு விழுந்திராவிட்டால் ஒரு சென்டிமீட்டராக இருந்திருக்கலாம்.

பிப்ரவரி 5

விளிம்புகளை உருட்டினேன். முதுகின் கூர்விளிம்புதான் நார் கிளம்பும் முதல் இடம். உப்புத்தாளில் கடைசிச் சுற்று, நான்கு பூச்சு எண்ணெய், பிடிக்குத் தோல். ‘தொடாதே’ என்ற எழுத்தை உப்புத்தாள் தின்றுவிட்டது. எழுத்து மட்டுமே போனது; விரல் அந்த இடத்தில் தானாக நிற்கிறது.

நாண், 14 இழை பாலியஸ்டர் நூல், மெழுகு தடவி இரு புரியாக முறுக்கியது.

பிப்ரவரி 8

நாற்பது அம்பு எய்தேன். முதல் அம்பு இலக்குக்கு முன்னால் மண்ணில் விழுந்தது. இரண்டாவதை எய்ய நின்றபோது பார்க்க வந்த ஒருவர் அம்பில்லாமல் நாணை இழுத்து விட்டுப் பார்க்கலாமா என்று கேட்டார். கூடவே கூடாது என்று கத்தியேவிட்டேன். அம்பு கொண்டுபோக வேண்டிய வலிமை முழுவதும் வில்லுக்கே திரும்பி வந்து அதை உடைக்கும். அவர் கொஞ்சம் மனம் வருந்தினார் போலிருக்கிறது. பிறகு அம்போடு இரண்டு முறை எய்யக் கொடுத்தேன்.

37 பவுண்டு போதுமா என்ற கேள்வி இருபதாவது அம்புக்குள் காணாமல் போனது. கைக்கு அதிர்வு வருவதில்லை. நாண் ‘தப்’ என்று அடங்கிவிடுகிறது.

பிப்ரவரி 9

காலையில் விளக்கைச் சாய்த்துப் பிடித்து வயிற்றைப் பார்த்தேன். பழைய வட்டம் இருந்த இடத்தில், நாருக்குக் குறுக்கே, தலைமுடி போல ஒரு கோடு. நகத்தால் தடவினால் தட்டுப்படவில்லை. விளக்கு நேரே விழுந்தாலும் தெரியவில்லை. சாய்ந்த ஒளியில் மட்டும் இருக்கிறது. அழுத்தத்தில் நார் நசுங்கியதன் தடம். முதுகில் கிளம்பும் சிம்பு போல இது சட்டென்று வில்லை உடைக்காது. கோடுகள் ஒன்று இரண்டாகி, இரண்டு நான்காகி, கை அங்கே கொஞ்சம் கொஞ்சமாகத் தளரும்.

அதன் இரு முனைகளிலும் மெல்லிய பென்சில் புள்ளி வைத்திருக்கிறேன். நீளம் 9 மில்லிமீட்டர். வட்டத்துக்கு இருபுறமும் இன்னும் ஐந்து முறை தகட்டை ஓட்டி, அளவை 35-க்கு இறக்கலாம். அல்லது இப்படியே விட்டு எண்ணலாம்.

நாளை நாற்பது அம்பு. பிறகு மறுபடியும் விளக்கு.